வரிசையில் நான்காவது பெயர்

க்வாங்ஜு,
வியாழன், பகல் பன்னிரண்டரை.

என் அக்கா பெற்ற தங்கம் போராமுக்கு, சாங்டே மாமா எழுதுவது.

நம் ஊர் மோக்போவில் எல்லாரும் சுகம். உன் அம்மா கிம்ச்சிக்கு நூறு முட்டைக்கோஸ் உப்பில் போட்டிருக்கிறாள். சரி, இருபது. காலையில் என் டாக்சியை அரை மணியில் இங்கே கொண்டுவந்து சேர்த்தேன். போலீஸ்காரனே சல்யூட் அடித்தான். இப்போது உன் விடுதி வாசலில்தான் நிற்கிறேன். நீ போனை எடுக்கவில்லை. இந்தத் தாளைக் காவல்காரரிடம் கொடுக்கப்போகிறேன்.

நேற்றுக் காலை போனில் சொன்னாயே, "மாமா, வேலைக்குப் போற வழியில ஒரு லாரி லேசா மோதிட்டா நல்லாருக்கும். கொஞ்ச நாள் நானும் படுத்துக்கலாம்" என்று. நான் சிரித்தேன். லாரிக்குத்தான் சேதம் என்றேன். போனை வைத்த பிறகு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் புற்றுநோய் வார்டில் மாதத்துக்கு ஒரு நர்ஸ்தான் வேலையை விடலாம், அதுவும் வரிசைப்படி. இந்த மாதம் உன் முறையாக இருந்தது. உன் பெயர் எப்படி நான்காவதாகப் போனது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன வாரம் பேரிக்காய்ப் பெட்டியோடு உன் தலைமை நர்ஸைப் பார்த்தேன். என் பேச்சைக் கேட்க மூன்று டாக்டர்கள் நின்றுவிட்டார்கள். அந்தம்மா, ஒரு சின்னப் பெண் மருந்து அறையில் தினம் அழுகிறாள், உங்கள் போராம் அழுவதே இல்லை, இன்னும் கொஞ்ச நாள் தாங்குவாளா என்று கேட்டார். டாக்டர்கள் முன்னால் என் நாக்கு சும்மா இருக்குமா? "எங்க போராமா? இரும்புங்க. பிணத்தைத் துடைச்சு அனுப்பிட்டு அடுத்த நிமிஷம் சாப்பிடுவா. ஆறு மாசம்கூட வச்சுக்கோங்க" என்றேன். அவர் பேனாவை எடுத்து எதையோ எழுதினார். என் பேச்சைத்தான் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

இன்று காலை மறுபடி போய், நான் சொன்னதெல்லாம் பொய், அவள் தாங்கமாட்டாள் என்றேன். எழுதியது எழுதியதுதான் என்றார். முறை வருமுன் ஓடினால் வேறு எந்த ஆஸ்பத்திரியும் வேலைக்குச் சேர்க்காதாம். மேஜையைத் தட்டிச் சண்டை போட்டேன் என்று ஊரில் சொல்வேன். உன்னிடம் சொல்கிறேன், மண்டியிட்டேன்.

ஒன்றரைக்கு நீ பணிக்குக் கிளம்புவாய். இடது பக்கம் ஆஸ்பத்திரி. வலது பக்கம் என் வண்டி, பின் கதவு திறந்தே இருக்கும். முறை தவறி ஓடிவிட்டாள் என்று பேசட்டும். நீ ஒன்றும் பேச வேண்டாம், வந்து படுத்துக்கொள்.

நன்றாக இரு என்று எழுதத்தான் வந்தேன். இருந்தால் போதும், கண்ணு.

உன் மாமா,
சாங்டே