நசீர் பாய்க்குப் போட்ட மாலை

அன்புள்ள கலையரசிக்கு, சார்ஜாவிலிருந்து வேடியப்பன். நான் கருங்கல் மாதிரி இருக்கிறேன். உன் இடுப்பு வலியும் அம்மாவின் இரைப்பும் எப்படி இருக்கின்றன?

இந்தியா பாகிஸ்தான் மேட்ச் வந்தால் கேம்ப்பில் அசிங்கம் நடக்கும் என்று ஒரு மாதம் முன்பே சொன்னேன், அப்படியே நடந்தது. நாம்தான் ஜெயித்தோம். ஜெயித்தும் நம் ஆட்களுக்குக் கொழுப்பு அடங்கவில்லை. எங்கள் பஸ் டிரைவர் நசீர் பாய் பாகிஸ்தான்காரர்; எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். காலையில் அவர் ஸ்டியரிங்கில் செருப்பு மாலை தொங்கியது.

"இன்னா பாய், மாப்ள மாலை புடிச்சிருக்கா?" என்றான் களமருதூர் இளமாறன். பஸ்ஸே சிரித்தது. அவர் நாட்டோடு அவரைப் பெற்றவளையும் சேர்த்து ஏசினார்கள். த்தூ, எழுதவே கை கூசுகிறது.

நான் விடுவேனா? "சோத்துல உப்பு போட்டுத்தான துன்றீங்க?" என்று ஒரே அதட்டு. ஐம்பது பேரும் கப்சிப். மாலையை நானே அறுத்தெறிந்தேன்.

லீவில் வந்திருக்கும் இளஞ்செழியன் திரும்பும்போது, பாய்க்கு வெள்ளிமலைத் தேன் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பு. எனக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பு ஒரு ஜோடி. பழையது தொலைந்துவிட்டது.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். கலை, நான் அதட்டியதும் மாலையை அறுத்ததும் பொய். யாருமே அதட்டவில்லை. செருப்பும் தொலையவில்லை, மாலை கட்டக் கேட்டார்கள், சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தேன். மாலையை அவிழ்த்தபோது, நீ வாரில் தைத்த நீல நூலைப் பார்த்துப் பாய் அது என்னுடையது என்று கண்டுபிடித்துவிட்டார். செருப்பைத் துடைத்து என் சீட்டில் வைத்துவிட்டுப் போனார். அதை இனி எப்படிப் போடுவேன்?