நிராகரிக்கப்பட்ட மாப்பிள்ளைகளும் திறக்காத மெயிலும்

கிட்வாய் நகர், புது தில்லி
18.8.2003

அன்புள்ள மைதிலிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், இரண்டு வாரமாகப் படுத்திருந்த கம்ப்யூட்டரும் எழுந்து நடமாடுகிறது, பெங்களூர் ஹாஸ்டல் சாப்பாட்டை மீறி நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் போன் ஹாலில் இருக்கிறது, அதற்குப் பக்கத்து நாற்காலியில் அப்பா இருக்கிறார். மெயில் அனுப்பினால் அதையும் படித்து ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார். அதனால் தபால்.

ஆராய்ச்சி முடியும்வரை வரன் பார்க்க வேண்டாம் என்று அப்பாவுக்கு மெயில் போட்டிருப்பதாகவும், அவர் சரியென்று பதில் எழுதாவிட்டால் தீபாவளிக்கு வரப்போவதில்லை என்றும் நீ சொன்னதிலிருந்து எனக்குச் சாதம் இறங்கவில்லை. அவர் கோபத்தில் மௌனமாக இருக்கிறார் என்று நினைக்காதே. போன வாரம் வரை உன் மெயிலை அவர் பார்க்கவே இல்லை. மெயில் புரோகிராமைத் திறந்தால் மணல் கடிகாரம் வரும், காபி ஆறும், பேப்பர் படித்து முடியும், பிறகு திரை வெளுத்து அப்படியே நின்றுவிடும். அப்பா பியூனுக்கு மணி அடிக்கிற மாதிரி க்ளிக் செய்துகொண்டே இருப்பார். மாடி வீட்டு சங்கரநாராயணன் மாமா வந்து பார்த்துவிட்டு, "வோல்டேஜ் ப்ராப்ளம் சார், தில்லி கரண்டே இப்படித்தான்" என்றார், ஸ்டெபிலைசர் வந்தது. நேரு பிளேஸ் கடைக்காரர் வந்து "மெமரி கம் ஹை, அங்கிள்ஜி" என்றார், அதாவது மெமரி போதவில்லையாம், புது மெமரி வந்தது, அதன்பிறகு முன்னைவிட வேகமாக நின்றது. "சைனா சாமான், இவ்வளவுதான் வரும்" என்று தீர்ப்பு எழுதி, மானிட்டருக்குத் துண்டு போர்த்திவிட்டார் அப்பா.

அவர் ஆபீஸ் போனதும் நான் உட்கார்ந்தேன். புரோகிராமோடு வரும் உதவிப் பக்கங்களை யாருமே படிப்பதில்லை, நாவல் படிக்கிறவளுக்கு அது பெரிய கஷ்டமில்லை, பாத்திரங்கள்தான் கொஞ்சம் தட்டை. வந்த மெயில், போன மெயில் எல்லாவற்றையும் அந்த புரோகிராம் ஒரே கோப்பில் அடைக்கிறது, அது வீங்கிப்போனால் திறப்பதற்குள் மூச்சு முட்டுகிறது, போதாததற்கு ஆன்டிவைரஸ் வேறு ஒவ்வொரு முறையும் அதை முதலிலிருந்து சோதிக்கிறது. அந்தக் கோப்பைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தேன், திறந்தது. வீக்கம் எதனால் என்று பார்த்தால், மாப்பிள்ளைகள்! ஒவ்வொரு ஜாதகமும் போட்டோவும் தேர்தல் பேனர் அளவில் ஸ்கேன் ஆகியிருக்கிறது. அப்பா போடும் ஒவ்வொரு பதிலுக்கும் கீழே பழைய மெயில் முழுக்க வால் மாதிரி தொங்கும், கூடவே உன் பட்டுப்புடவைப் போட்டோ, அதற்கு ஒரு நகல் தனக்கே. எல்லாவற்றையும்விட அழகு குப்பைத் தொட்டிதான். வேண்டாம் என்று முடிவான வரன்களை அதில் போட்டு, உள்ளே நட்சத்திரவாரியாகத் தனித்தனி ஃபோல்டர் வைத்திருக்கிறார். செக்‌ஷன் ஆபீசர் அல்லவா, எதையும் அழிக்க மாட்டார், ரெக்கார்ட் ரூமுக்கு அனுப்புவார். நான் பூரட்டாதி வரை பார்த்தேன், பிறகு தொட்டியைக் காலி செய்தேன். காலி செய்தாலும் கோப்பு தானாக இளைக்காது, காம்பாக்ட் என்று ஒன்று கொடுக்க வேண்டும். கொடுத்தேன். இப்போது தொட்டதும் திறக்கிறது.

சாயங்காலம் அப்பா திறந்து பார்த்து, "கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தேன், சரியாயிடுத்து பார்" என்று பெருமைப்பட்டார். மேலேயே உன் மெயில். இரண்டு தடவை படித்தார். பிறகு, "ரிஜெக்ட் ஆனவாள்லாம் எங்கேடி?" என்றார். "ரிஜெக்ட் ஆயிட்டா" என்றேன். "சரி, யாரையும் பார்க்கலை. தீபாவளிக்கு ஒரே ஒரு பையன், உத்திராடம், அவா பாட்டுக்கு வந்து காபி சாப்டுட்டுப் போகட்டுமே" என்று இழுத்தார். "எனக்கு மைதிலி வயசு இருக்கச்சே, மைதிலி யூ.கே.ஜி. போயிண்டிருந்தா" என்றேன்.

நேற்று உட்கார்ந்து உனக்குப் பதில் எழுதினார், இது வருவதற்குள் அது வந்திருக்கும். அதில் மன்னிப்பு எதுவும் தேடாதே. 'உன் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது' என்கிற தினுசில் இருக்கும். அவருக்கு அவ்வளவுதான் வளையத் தெரியும், ஏற்றுக்கொள்.

எடுத்த ஆராய்ச்சியை உன் இஷ்டப்படி முடித்து, நன்றாகத் தூங்கி, நன்றாக இருக்க என் ஆசிகள். புக்கிங் திறந்ததும் டிக்கெட் போட்டுவிடு, தாமதித்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான். தீபாவளியன்று எவனாவது நம் ஹாலில் வந்து உட்கார்ந்தால், நீ அடுத்த ரயிலிலேயே திரும்பிப் போகலாம். பக்கத்து பெர்த்தில் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
அம்மா