உங்க மக அந்த டேப்பை நிறுத்தவே இல்லக்கா

எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்னு நான் தினமும் வேண்டிக்கிற என் சரோஜாக்காவுக்கு,

உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவில ஒரே ஒரு சுவர்தான். இந்தக் குருபோங் தாமான் குடியிருப்பில் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து வீடு வாங்கினப்போ, ஓரகத்திங்க ரெண்டு பேரும் சீக்கிரமே முடியைப் பிடிச்சிக்குவாங்கன்னு பெம்பான் தோட்டத்துச் சொந்தமெல்லாம் பேசிச்சு. நாம பிடிச்சது கிச்சாப் பாட்டிலைத்தான். ஞாபகம் இருக்காக்கா?

அந்த வீடியோ டேப்பை நீங்கதான் பசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில வாங்கிட்டு வந்தீங்க. அட்டையில ஒரு வெள்ளைக்காரி, பளபளன்னு ஒட்டிப் பிடிச்ச துணி, வயிறு இருக்க வேண்டிய இடத்தில வயிறே இல்லை. "தீபாவளிக்குள்ள நாம ரெண்டு பேரும் இவளை மாதிரி ஆயிடலாம்லா வசந்தா"ன்னீங்க. கறுப்பு சாஸ் தீர்ந்த காலிக் கிச்சாப் பாட்டிலில் மணலைக் கொட்டி, கைக்கு ஒண்ணா பிடிச்சிக்கிட்டு, கைலியைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ஹாலில் நின்னு ஆடினோமே! இடுப்பை இறுக்கு இறுக்குன்னு அவ இங்கிலீஷில் கத்துவா. "எங்கடி இருக்கு இடுப்பு, முதல்ல அதைக் காட்டச் சொல்லு"ன்னு நீங்க அவளைத் திட்டுவீங்க. எனக்குச் சிரிச்சே பாதி உடம்பு இளைச்சிருக்கணும்.

தீபாவளி வந்துச்சு, போச்சு. நாம அப்படியேதான் இருந்தோம். டேப்பு டிவிக்குப் பின்னால போயிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு காலையில நீங்க நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு அடுப்படியில சாய்ஞ்சீங்க. ஆஸ்பத்திரி போற வரைக்கும்கூட உசிரு தாங்கல.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். தெரியாததைச் சொல்லத்தான் எழுதறேன். நம்ம மலர் விஷயம்.

கருமாதி முடியிற வரைக்கும் டிவி மேல வேட்டியைப் போட்டு மூடி வச்சிருந்தார் உங்க வீட்டுக்காரர், பெரிய மாமா. கருமாதிக்கு மறுநாள் வேட்டியை எடுத்தாங்க. அன்னிக்குச் சாயங்காலமே சுவர் வழியா அந்த வெள்ளைக்காரி குரல் கேட்டுச்சு. நீங்கதான் திரும்பி வந்துட்டீங்கன்னு ஓடினேன். பார்த்தா மலரு, உங்க பாட்டிலை ரெண்டு கையிலயும் பிடிச்சிக்கிட்டு நிக்கிறா.

அம்மா ஞாபகத்துக்குப் போட்டுப் பாக்கிறான்னு நினைச்சோம். பிள்ளை மூலையில உக்காந்து அழாம இருந்தா போதும்னு விட்டோம். விடியக்காலையில எழுந்தா அதுதான், பள்ளிக்கூடம் விட்டு வந்தா அதுதான். ஒரு தடவை ஓடி முடிஞ்சதும் திரும்பச் சுத்திவிட்டு முதல்ல இருந்து ஆரம்பிப்பா. ஃபார்ம் ஃபைவ் படிக்கிற பிள்ளை, புஸ்தகத்தைத் தொட்டுப் பாத்து நாளாச்சு.

மெலிஞ்சா. எல்லாரும் மெச்சினாங்க. சிம்பாங் அம்பாட் பெரியத்தை வந்து தாடையைப் பிடிச்சு, "இப்பதான்டி அம்சமா இருக்கே, அந்த டேப்பை என் மகளுக்கும் குடு"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. நான் மட்டும் அவ தட்டைப் பாத்தேன். ரொட்டி சானாய்னா உசிரை விடற பிள்ளை, தட்டுல சோத்தை ஓரமா ஒதுக்கி ஒதுக்கி வச்சிட்டு "சாப்ட்டேன் சித்தி"ங்கிறா. கேட்டா, பள்ளிக்கூடத்துலயே சாப்ட்டுட்டாளாம். தலை சீவினா சீப்பு நிறைய முடி வருது. வெயில் கொளுத்தறப்போ நீட்டுக்கை சட்டை போட்டுக்கிட்டு, குளிருதுங்கிறா. மலாக்காவுல யாருக்குக்கா குளிருது?

பெரிய மாமாகிட்ட சொன்னேன். அவர் லோரியிலயே பாதி வாழ்க்கை வாழற மனுஷன். "வயசுப் பிள்ளை, அழகா இருக்கணும்னு ஆசைப்படுது, விடும்மா"ன்னுட்டார். அவரையும் குத்தம் சொல்ல முடியலை. வீட்டுக்குள்ள வந்தா உங்க நாற்காலியைப் பாக்காம நடக்கிறதுக்கே அவர் படாத பாடு படறார்.

பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் டேப்பை எடுத்து எங்க வீட்டு அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சிட்டேன். சாயங்காலம் டிவி சத்தம் இல்லை. அப்பாடான்னு டீயைக் கலக்கிட்டு உக்காந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொம், தொம்னு கால் சத்தம். மூச்சு வாங்க வாங்க அவளே இங்கிலீஷில் எண்ணிக்கிட்டிருக்கா. டேப்பு முழுக்க அவளுக்கு மனப்பாடம். மறுநாள் நானே அதைக் கொண்டுபோய் இருந்த இடத்துல வச்சிட்டேன்.

அப்புறம்தான் விளக்கு சமாச்சாரம். கருமாதிக்குப் பிறகு உங்க சாமி மேடையில மலருதான் விளக்கேத்துறா. குளிச்சிட்டு, திருநீறு பூசிக்கிட்டு, ஒரு நாள் விடாம. தாமானே பேசிச்சு, "தாயில்லாப் பிள்ளைக்கு என்ன பக்தி பாரு"ன்னு. பெரியத்தை கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. சரோஜா நல்ல பிள்ளையைத்தான் பெத்துட்டுப் போயிருக்கான்னு கோயில்லகூட சொன்னாங்க.

ஒரு வெள்ளிக்கிழமை நான் உங்க வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். அன்னிக்கு எனக்குத் தீட்டு, சாமி மேடைப் பக்கம் போகக் கூடாது. மலரு திரியைத் தூண்டிவிட்டுக்கிட்டிருந்தா. பாத்துக்கிட்டே இருந்தவளுக்குத் திடுக்குன்னுச்சு. ஒரு நாள் விடாமன்னா? வயசுக்கு வந்த பிள்ளை, மாசக்கணக்கா ஒரு நாள்கூட விடாம எப்படிக்கா விளக்கேத்த முடியும்? இத்தனை பொம்பளைங்க பாத்து மெச்சினோமே, ஒருத்திக்குமா தோணலை?

ஐயோ, அப்போ நான் என்னென்னமோ நினைச்சேன். உங்ககிட்டகூடச் சொல்ல முடியாததெல்லாம் நினைச்சேன். அவ கையைப் பிடிச்சு எங்க வீட்டுக்கு இழுத்துட்டு வந்து, கதவைச் சாத்திட்டுக் கேட்டேன். அவ சாதாரணமாச் சொன்னா: "அது நின்னு ரொம்ப நாளாச்சு சித்தி. தொல்லை விட்டுச்சுன்னு இருந்தேன்."

மறுநாள் ஃபேக்டரிக்கு லீவு சொல்லிட்டு டவுன் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க இருக்கிறது யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. நகத்தைப் பாத்தாங்க, எடையைப் பாத்தாங்க, நெஞ்சுல குழாயை வச்சு ரொம்ப நேரம் கேட்டாங்க. நான் ஒவ்வொரு சாமியாக் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். "நீங்கள் நினைக்கிற மாதிரி ஒண்டும் இல்லை, பயப்படாதேங்கோ"ன்னாங்க. உசிரு வந்துச்சு. ஆனா அவங்க முடிக்கலை. "பிள்ளை சாப்பிடேல்லை. உடம்பு தன்னைத்தானே தின்னுது. இப்படியே விட்டால் இதயத்தையும் பிடிக்கும்."

இதயம்னாங்கக்கா. உங்களைக் கொண்டுபோனதும் அதுதானே. அந்த நாற்காலியில எப்படி உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரியலை.

வீட்டுக்கு வந்து தோசை ஊத்தி அவ முன்னால வச்சேன். தொடலை. எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. "யாரு மாதிரிடி ஆகணும் உனக்கு? அந்த வெள்ளைக்காரி மாதிரியா?"ன்னு கத்தினேன்.

தலையை ஆட்டினா. "அவ மூஞ்சியைக்கூட நான் பாக்கிறதில்ல சித்தி." அப்புறம் சொன்னா: "அம்மாவைப் பெட்டியோட தூக்கினவங்களால முடியலை. தள்ளாடினாங்க. இன்னும் ரெண்டு பேர் வாங்கடான்னு தாய் மாமா கத்தினாரு. வேன்கிட்ட யாரோ சிரிச்சாங்க. எங்கம்மா செத்துக் கிடக்காங்க சித்தி, கனம்னு சிரிக்கிறாங்க. என்னைத் தூக்கும்போது யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாது."

நான் அப்போ வாசல்ல மயங்கிக் கிடந்தேன்க்கா. என் காதுல விழலை. பெத்த பிள்ளை காதுல விழுந்திருக்கு. அதை யார்கிட்டயும் சொல்லாம, தன் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சிக்கிட்டே வந்திருக்கு.

"சீ, வாயைக் கழுவுடி!"ன்னு அதட்டினேன். அதட்டின வாயோட எனக்கு அழுகை பீறிக்கிட்டு வந்துச்சு. அவ கன்னத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சேன், எலும்புதான் கையில பட்டுச்சு. "மலரு, உங்கம்மாவைக் கடைசியாக் குளிப்பாட்டினது யாருன்னு தெரியுமா? நான். தலையை என் மடியில வச்சு, மஞ்சள் தேச்சு, இப்படியும் அப்படியும் புரட்டி, சேலை கட்டிவிட்டது நான். தூக்கினவனுங்க வாசல்ல இருந்து வேன் வரைக்கும் தூக்கிட்டுச் சலிச்சிக்கிட்டானுங்க. எனக்கு உங்கம்மா கனக்கவே இல்லடி."

அவ அழலை. தோசையில ஒரு ஓரத்தைப் பிச்சு வாயில வச்சா. அதை மென்னு முழுங்கறதுக்குள்ள எனக்கு யுகம் ஆச்சு. நான் பாத்தா கூச்சப்படுவாளோன்னு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டு, "இன்னொண்ணு ஊத்தவா?"ன்னு கேட்டேன். அவ வேணாம்னு சொல்லலை. ஊத்தினேன்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. பாதித் தோசையோட அவ கை நின்னுடுது. நேத்தும் சுவருக்கு அந்தப் பக்கம் கால் சத்தம். ராத்திரிச் சோறு தின்ன நாளிலயும் மறுநாள் காலையில ரெண்டு மடங்கு ஆடுறா. நான் வேலையில மிஷின் முன்னால நிக்கிறப்பகூட என் காது அந்தச் சுவர்லயேதான் இருக்கு. சாப்ட்டிருப்பாளா, இப்போ ஆடிக்கிட்டிருப்பாளா, எங்கயாவது சுருண்டு விழுந்திருப்பாளா? உங்ககிட்ட கேக்காம யார்கிட்ட கேப்பேன்?

இதைப் பேப்பருக்கு அனுப்பறேன்க்கா. உங்களுக்கு வந்து சேருதோ இல்லையோ, பிள்ளைங்க தாடையைப் பிடிச்சு "மெலிஞ்சு அழகாயிட்டே"ன்னு மெச்சறவங்க நாலு பேராவது படிக்கட்டும்.

அவளைக் குணமாக்கிடுவேன்னு சத்தியம் பண்ண எனக்குத் தைரியம் இல்லை. ஆனா அவ தட்டு முன்னால தனியா உக்கார மாட்டா, நான் பக்கத்துல இருப்பேன். அவ சதை போட்டாலும், போடாட்டாலும், உங்க பிள்ளையை இனிமே நான் தூக்கிக்கிறேன். கனக்கட்டும்க்கா.

உங்க ஓரகத்தி,
உங்க மலருக்குச் சித்தி,
வசந்தா