டிபன் பாக்ஸோடு கிளம்புகிறேன்

வீட்டம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன்.

கம்பெனி மூடியதிலிருந்து, வேலையில்லாதவர்களுக்குத் தரும் அரசாங்க உதவித்தொகையில்தான் ஓடுகிறது. வெல்டிங் வேலை கேட்டுப் போனால், "பழைய முதலாளிகிட்ட விசாரிக்கணும்" என்கிறார்கள். மூடிய கம்பெனியில் யாரிடம் விசாரிப்பார்களாம்?

எதிர் அறை டிரைவர் அண்ணன், "உதவித்தொகை வாங்குறவன் எல்லாம் சோம்பேறி" என்று தினமும் பொரிந்து தள்ளுவார். அவருக்குப் பயந்தே காலையில் டிபன் பாக்ஸோடு வெளியே கிளம்பிவிடுவேன். நேற்று உதவித்தொகை வரிசையில் எனக்கு முன்னால் அவரே நிற்கிறார், கையில் டிபன் பாக்ஸோடு!

"தம்பிக்காக வந்தேன்" என்றார்.

"நானும் தம்பிக்காகத்தாண்ணே" என்றேன். எனக்கு ஏது தம்பி!

பகலெல்லாம் பொழுதே போகவில்லை. ராத்திரிவரை காத்திருக்காதே, பகலிலேயே போன் பண்ணு. எனக்கு வேலை போனது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்; பக்கத்தில் இருந்தால், எனக்கு டீ நேரம் என்று சொல்லிவிடு.

உன் வீட்டுக்காரன்