செல்வியிடம் தனியாகப் பேசியது

செவ்வாய், இரவு

கொழுந்தன் அடிக்கிறான் என்று எங்கள் மகளிர் உதவி மையத்துக்குப் போன் செய்திருந்த செல்வியைப் பார்க்க, இன்று அறந்தாங்கி பக்கம் போனேன். கையில் கட்டுப் போட்டிருந்தாள்.

"வழுக்கி விழுந்துட்டேங்க்கா. புகாரெல்லாம் வேணாங்க்கா."

பாதிக்கப்பட்டவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது விதி. வீட்டில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். ஆனாலும் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவள் டிவி பக்கம் பார்த்தாள். டிவி ஓடவில்லை. அதில் சாய்த்து வைத்திருந்த போனில், துபாயில் இருக்கும் அவள் புருஷன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்ததும் சிரித்தான். "டீ குடிச்சிட்டுப் போங்க, அமுதா மேடம்."

அந்த வீட்டில் நான் என் பெயரைச் சொல்லவே இல்லை. நான் போவது எங்கள் ஆபீசில் மட்டும்தான் தெரியும். செல்வியைப் பற்றிய அறிக்கையை நாளை அங்கேதான் கொடுக்க வேண்டும்.