ஏழு நாள் முன்னறிவிப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லபடியாக இருக்க வேண்டும், குட்டிக்குச் சளி விட்டதா, மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் சௌக்கியம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை. போன வாரம் உன் மாமா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார், வந்ததிலிருந்து உன் பெருமைதான். அக்கா மகள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையத்தில் தலைமை அலுவலகத்திலேயே இருக்கிறாள், அவள் கையெழுத்துப் போட்டால்தான் நாட்டில் ஒரு புகைபோக்கி புகைவிட முடியும் என்று தெருமுனை சலூன்காரர் வரைக்கும் அளந்துவிட்டார். அந்தக் கையெழுத்து அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருக்கோடி முலாம் பட்டறை உனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு தகரக் கொட்டகை, இப்போது ஐந்து. பட்டறைக்காரன் கழிவுத் தண்ணீரைப் பின்பக்க வாய்க்காலில் விடுகிறான், அது மண்ணில் இறங்கி இரண்டு வருடமாக நம் தெருவில் எல்லா வீட்டு போர் குழாயிலும் மஞ்சளாகத்தான் வருகிறது, வெள்ளைச் சட்டை என்று ஒன்று யாரிடமும் இல்லை. பதினேழு வீடும் சேர்ந்து உங்கள் ஆணையத்துக்கு மனுப் போட்டோம். எழுதியது நான்தான், ஆனால் அதில் என் பெயர் கிடையாது, அப்பன் மனுவுக்கு மகள் சலுகை காட்டினாள் என்று நாளைக்கு உன்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று எதிர்வீட்டுத் தையல்காரர் பெயரை மேலே போட்டோம். உன் மாமாவுக்கு அப்போதே விஷயம் தெரிந்து, "எதுக்கு மச்சான் மனுவும் மண்ணாங்கட்டியும், பொண்ணுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சுது" என்றார். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான், டிக்கெட் எடுக்காத சொந்தச் சித்தப்பாவுக்கே அபராதம் எழுதியவன், என்னிடம் இந்தப் பேச்சு வேண்டாம் என்று அவர் வாயை அடைத்தேன். அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

சோதனைக்கு வருகிறோம் என்று பட்டறைக்கு ஏழு நாள் முன்னதாகவே உங்கள் ஆபீஸ் கடிதம் அனுப்பியது, நகல் தையல்காரருக்கு. அதுதான் விதியாம். கடிதம் கிடைத்த நாளிலிருந்து பட்டறையில் கல்யாண வீட்டுக் களை, சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலில் பூந்தொட்டி. முந்தின நாள் காலையில் மூன்று டேங்கர் லாரி வந்து வாய்க்காலில் நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டது, கழிவுக் குழாய்க்கு மூடி விழுந்தது. மறுநாள் வந்த அதிகாரியைச் சொல்லிக் குற்றமில்லை, தெருவில் அவருக்குப் பாட்டில் சார் என்றே பெயர் விழுந்துவிட்டது, அவ்வளவு சுத்தமாக இரண்டு பாட்டிலில் பிடித்து அரக்கு வைத்து இருபக்கமும் கையெழுத்து வாங்கினார். நேற்று வரை ஓடியது வேறு தண்ணீர், வீட்டுக்குள் வந்து எங்கள் குழாயில் பிடியுங்கள் என்று நான் கத்தினேன். "ஐயா, ஆர்டர்ல வாய்க்கால்னுதான் போட்ருக்கு. இப்ப ஓடுறதத்தான் நான் பிடிக்க முடியும், நேத்து ஓடுனதுக்கு என்கிட்ட பாட்டில் இல்லையே" என்றார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எந்த நிறுத்தத்தில் ஏறுவேன் என்று நான் கூட வேலை பார்த்தவர்களிடம்கூடச் சொன்னது கிடையாது. சொல்லிவிட்டு ஏறியிருந்தால் அத்தனை கண்டக்டரும் பத்தரை மாற்றுத் தங்கமாகத்தான் தெரிந்திருப்பார்கள்.

பத்து நாளைக்கு முன் பதில் வந்தது. மாதிரி அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது, முப்பது நாளுக்குள் மறுமனு வராவிட்டால் கோப்பு முடித்து வைக்கப்படும். தையல்காரர் கண்ணாடியைக் காணோம் என்று என்னை வாசிக்கச் சொன்னார், நானும் வாசித்துக்கொண்டே வந்து அடியில் இருந்த கையெழுத்தில் நின்றுவிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் நீ போட்டுப் பழகிய கையெழுத்து, கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடிக்கோடாக்குவாய், நோட்டைப் பாழாக்குகிறாயே என்று நான் திட்டியிருக்கிறேன். "யாரு சார் போட்ருக்கா" என்று கேட்டார். கடிதத்தை மடித்து என் பையில் வைத்துக்கொண்டே, யாரோ ஒரு அதிகாரி என்றேன். பெற்ற மகளை யாரோ என்று சொன்ன வாய் இது.

நீ தெரிந்து செய்தாய் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாளைக்கு அறுபது கடிதம் மேசைக்கு வரும், அறிக்கையில் அளவுக்குள் என்று இருந்தால் கையெழுத்துதான், மேலே முகவரியை யார் படிக்கிறார்கள் என்று நீயே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாய், நானும் சிரித்தேன். அது நீ பிறந்து வளர்ந்த தெரு அம்மா. ஒரு வரி மேலே பார்த்திருந்தால் பேனா நின்றிருக்காதா? எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை.

ஆனால் உன்னை மட்டும் சொல்லி என்ன, நானும் பட்டறைக்காரனும் ஒரே ஜாதி. போன வருடம் நீ வந்தாயே, பத்து நாள் முன்பே தேதி சொன்னாய். ஆசிட் ஊற்றிக் குளியலறைத் தரையின் மஞ்சள் கறையை நான்தான் தேய்த்தேன். கேன் தண்ணீர் வாங்கிப் பானையிலும் குளிக்கும் தொட்டியிலும் ஊற்றிவிட்டுக் கேனை மாடியில் ஒளித்தேன். உன் அம்மா விரலிடுக்குப் புண்ணுக்குப் போடும் களிம்பை அரிசி டின்னில் போட்டுவிட்டு, சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று உன்னிடம் சாதித்தாள். நாலு நாள் விடுப்பில் வந்த பிள்ளைக்கு எதற்கு மனக்கஷ்டம் என்றுதான். நீயும் ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டு, "எங்க குடிச்சாலும் நம்ம வீட்டுத் தண்ணி மாதிரி வராதுப்பா" என்றாய். உன் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகிவருகிறது என்று போன மாதம் டாக்டர் சொல்லிவிட்டார், அவர் கேட்ட முதல் கேள்வியே எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதுதான். இதை உனக்கு எழுத வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், நான் மீறிவிட்டேன்.

மறுமனுவும் இன்றைக்கே உங்கள் ஆபீஸுக்குப் பதிவு அஞ்சலில் போகிறது, இந்த முறை என் பெயர்தான் முதலில். அது உன் மேசைக்கு வந்தால் நீ தொடாதே, வேறு ஒருவரிடம் கொடுத்துவிடு, அதுதான் முறை. கொடுப்பதற்கு முன் முகவரியை மட்டும் ஒருமுறை படி. அங்கே குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, நீயும் வேளைக்குச் சாப்பிடு, நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாய், மறந்துவிடாதே, ஆனால் தேதி சொல்லாதே. எந்த நிறுத்தத்தில் ஏறுவாய் என்று எனக்குத் தெரியக் கூடாது. வந்து செருப்பைக் கழற்றியதும் நேரே பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து பார். குடித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா