ஒரே பாடம், மூன்று கதவுகள்

ஜூன் 3, திங்கள்

ஏழரைக்கே அக்கா பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் இருந்தவளுக்கு இரண்டு வருடம் கழித்து மறுபடி வேலை. இன்று முதல் அவளுடைய மூன்று பிள்ளைகளும், அவர்கள் பாடமும் என் பொறுப்பு. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருப்பவளுக்கு வேறென்ன வேலை?

மாமா சாலை போடுகிறவர். சாலை முடிந்தால் ஊர் மாறும், பள்ளியும் மாறும். மூன்றாவது பள்ளியில் நடுக்குட்டி ஒரு வருடம் வாயே திறக்கவில்லை. கடைசி பெஞ்சு, சுவர் ஓரம். அதன் பிறகுதான் மூவருக்கும் வீட்டிலேயே பாடம் என்று அக்கா முடிவெடுத்தாள்.

மூவருக்கும் ஒரே பாடத்திட்டம். இந்தப் பருவம் முழுவதும் மலைகள். காலையில் சாப்பாட்டு மேசையில் நான் சத்தமாகப் படிக்க மூவரும் கேட்பது. பிற்பகலில் அவரவர் வயதுக்குத் தனித்தாள். பன்னிரண்டு வயதுக்காரனுக்கு இரண்டு பக்கக் கட்டுரை. எதற்கும் எதிர்வாதம் வைப்பதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர். பத்து வயது நடுக்குட்டிக்குப் பத்துக் கேள்வி: சரியா தவறா என்று குறிப்பது, விடையை வட்டமிடுவது. ஏழு வயதுப் பொடிசுக்கு மூன்று வரி, ஒரு படம்.

மூன்று தாளும் ஒரே மேசையில். சந்தைக்கடை. இதில் எது தனி?

ஜூன் 5

ஆளுக்கொரு அறை. கதவு சாத்தியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் பேச்சு கிடையாது.

வக்கீல்: "இது வீட்டுக்காவல், சித்தி."

"மேல்முறையீடு உங்க அம்மாகிட்ட. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல."

நடுக்குட்டி தாளை நான்காக மடித்தாள், பிரித்தாள், எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 6

அவள் தாள் வெள்ளையாகத் திரும்பி வந்தது. வயிற்றுவலியாம்.

ஜூன் 7

இன்றும் வயிற்றுவலி. நான் குரலை உயர்த்தினேன். உயர்த்தியிருக்க வேண்டாம்.

ஜூன் 11

நடுக்குட்டிக்குப் பத்துக்குப் பத்து. நேற்றும் அப்படித்தான். கதவு வேலை செய்கிறது. தனிமை ஒரு மனதுக்கு என்னவெல்லாம் தருகிறது என்று ஒரு பத்தி எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். ஆய்வேட்டு வாடை.

பொடிசு மட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை கழிப்பறைக்குப் போகிறாள். தண்ணீர் அதிகம் குடிக்கிறாளோ? அக்காவிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 17

கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம். ஜூலை பதினான்கு, மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருகிறார். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, முன்பு பார்க்காத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்வார். வயதுக்கேற்ற தேர்ச்சி இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "நம்ம பிள்ளைங்களுக்கு என்ன கவலை," என்றாள். மூன்றாம் முறையும் படித்தாள்.

ஜூன் 19

துணி உலர்த்தப் போனவள் கிளிப் எடுக்கத் திரும்பி வந்தேன். நடைவழியில் பொடிசு குப்புறப் படுத்திருக்கிறாள். நடுக்குட்டி அறைக் கதவின் அடியில் தாள் பாதி வெளியே. பொடிசு விரலை ஓட்டி ஓட்டி, இடுக்கில் வாயை வைத்துக் கிசுகிசுக்கிறாள்: "எரி... மலைக் குழம்பு... குளிர்ந்தால் பாறையாகும். சரியா, தவறா?"

உள்ளேயிருந்து: "சரி. அடுத்தது?"

"ஒரு தடவைக்கு ரெண்டுதான். சித்தி தேடுவாங்க."

இரண்டு கேள்வி. ஐந்து தடவை.

பிடிபட்டதும் பொடிசு அழவில்லை. "நான் பதில் சொல்லித் தரல சித்தி. சத்தியமா. பதிலெல்லாம் அவளுக்கே தெரியும். நான் கேள்வி மட்டும்தான் படிச்சேன். அதுக்கு ஒரு மாசம் கார்ல ஜன்னல் சீட்டு எனக்கு."

"கேள்வியை அவளே படிக்கலாம்ல?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். இது கூடத் தெரியாதா என்பது போல.

ஜூன் 20

நடுக்குட்டிக்குப் புதுப் பக்கம் ஒன்றைக் கொடுத்தேன். மலையேறும் இருவரைப் பற்றிய கதை. மேலே ஒரு படம். அவள் பக்கத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்து அழகாக ஒரு கதை சொன்னாள். பனி, கயிறு, பயம் எல்லாம் வந்தன. நல்ல கதை. பக்கத்தில் இருந்த கதை அது இல்லை.

இந்தச் சொல் என்ன?

"ம... ல..." பிறகு வேகமாக, "மலர்."

மலைகள். பதினெட்டு நாளா அந்தப் பாடம்தானே நடத்துறேன். அவ கண்ணு முன்னாடியே தினமும் இருந்த சொல்லு. நான் என்ன பண்ணிட்டிருந்தேன்? கதவைச் சாத்திட்டு வெளிய உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தேன். வயித்துவலின்னு சொன்னவகிட்ட கத்தினேன்.

ஜூன் 21

வக்கீலை விசாரித்தேன்.

"மேசையில இருக்கிறப்போ நான்தான் படிச்சுச் சொல்வேன். ஒரு தடவை கேட்டா அவளுக்கு மறக்காது. நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? நீங்கதான் கதவைச் சாத்தினீங்க."

"எவ்வளவு நாளா?"

"தெரியல. எப்பவுமே." பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட சொல்லாதீங்க சித்தி. சொன்னா அவளை ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்க. அங்க போனா அவ மறுபடி பேசமாட்டா."



ஜூன் 22

சொல்லவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை, மெதுவானது.

"நான்தான் தினமும் சத்தமா படிச்சேன். அவ கண்ணெடுக்காம கேப்பா. கேள்வி கேட்டா டக்குனு பதில். மூணு பேர்ல இவதான் கெட்டிக்காரின்னு உங்க மாமாகிட்ட பீத்திக்கிட்டேன்."

"கெட்டிக்காரிதான் அக்கா."

"நீ வாசிப்பைப் பத்தித்தானே முந்நூறு பக்கம் எழுதின? அதுல இது வரலையா?"

வரவில்லை. அதில் வரும் வாசகர் எல்லாருக்கும் எழுத்து தெரியும்.

அவள் அழுதது வெங்காயத்தால் என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

ஜூன் 27

நடுக்குட்டியை வாசிப்புப் பயிற்சி தருகிற அம்மாளிடம் கூட்டிப்போனோம். கண்ணில் குறையில்லை, புத்தியில் குறையில்லை. எழுத்தைப் பார்த்ததும் ஒலியாக மாற்றும் வேலை மட்டும் அவளுக்குத் தானாக நடப்பதில்லை, தனியாகப் பழக்க வேண்டும் என்றார். மாதங்கள் ஆகும். ஜூலை பதினான்குக்குள்? சிரிக்கக்கூட இல்லை அவர்.

ஜூலை 1

கதவுகள் திறந்தாயிற்று. பாடம் பழையபடி ஒன்றே. காலை முதல் மணி மட்டும் நடுக்குட்டிக்கும் எனக்கும். மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்வது. ஒரு நாளைக்கு ஆறு சொல். அந்த நேரம் வக்கீல் பொடிசுக்குப் பாடம் எடுக்கிறான். சம்பளமாக என் மேசை நாற்காலியைக் கேட்டு வாங்கிவிட்டான்.

ஜூலை 4

நேற்றைய ஆறில் இன்று இரண்டு மிச்சம்.

ஜூலை 9

தட்டைத் தள்ளிவிட்டாள். கூடமெல்லாம் மணல். "நான் மக்குதானே? சொல்லுங்க." இல்லை என்றேன். "அப்போ பொடிசுக்கு மட்டும் எப்படி வருது?"

தெரியலடி. எனக்கு நிஜமாவே தெரியல. அதையே சொன்னேன். இருவரும் சேர்ந்து கூட்டினோம்.

ஜூலை 14

மதிப்பீட்டாளர் வந்தார். குடையும் பையுமாக, களைத்த முகத்தோடு ஒரு பெண். நாங்கள் ஒத்திகை பார்த்த விளக்கங்களோடு அக்கா வாயெடுக்கும் முன்பே நடுக்குட்டி அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் படிக்க வராது. கேட்டா எல்லாம் வரும். இப்பதான் பழகிட்டிருக்கேன். முப்பத்தொன்பது சொல்லு தெரியும்."

அந்நியர் ஒருவரிடம் அவள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பேனாவை மூடினார். "எந்த முப்பத்தொன்பது? காட்டு."

முப்பத்து நான்கு வந்தன. பிறகு அவரே ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டிக் கேள்வி கேட்டார். நடுக்குட்டி அவர் கேட்காததற்கும் பதில் சொன்னாள்.

ஜூலை 22

கடிதம். மூத்தவன், இளையவள்: தேர்ச்சி. நடுவில் உள்ளவளுக்கு: வாசிப்பு வயதுக்கு மூன்று ஆண்டு பின்தங்கியுள்ளது, பயிற்சி நடக்கிறது, வீட்டிலேயே தொடரலாம், ஜனவரியில் மீண்டும் பார்க்கப்படும்.

ஆறு மாதம். அக்கா கடிதத்தை ஒரே ஒரு முறைதான் படித்தாள்.

செப்டம்பர் 2

வாய்மொழித் தேர்வு முடிந்தது. இனி எங்கே போவதாக உத்தேசம் என்று ஒரு பேராசிரியர் கேட்டார். ஜனவரி வரைக்கும் எங்கேயும் இல்லை என்றேன்.

அக்டோபர் 19

காலையில் குழாயைத் திறந்தால் காற்று. சமையலறையில், கை கழுவுமிடத்தில், எங்கும். மாமாவும் சாலை வேலையிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிற நேரம். பல்லில் பசையோடு அக்கா என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன்.

குளியலறைக் கதவைத் திறந்த மாமா அங்கேயே நின்றுவிட்டார். வாளிகள், குடம், துணி ஊறவைக்கும் தொட்டி, குக்கர், பொடிசின் மணல் விளையாட்டுச் சட்டி வரை எல்லாவற்றிலும் விளிம்பு தட்டத் தண்ணீர்.

"இதையெல்லாம் யாரு நிரப்பினது?"

நடுக்குட்டி தலை சீவிக்கொண்டிருந்தாள். "நேத்து மாடிப்படியில ஒட்டியிருந்துச்சே. நாளைக்குக் காலைல ஆறுலேர்ந்து தண்ணி வராதுன்னு." சீப்பில் சிக்கிய முடியை எடுத்தபடி எங்கள் மூவரையும் பார்த்தாள். "நீங்க யாரும் படிக்கலையா?"